பாபினுக்கு இருபது நிமிஷம்

நான் ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள். "மல்லிகாக்கா ரெண்டு வார்த்தை பேசணும்" என்று எல்லாரும் கை தட்டினார்கள். இருபத்தாறு வருஷம் வாய் ஓயாமல் பேசியவளுக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. கேக்கைத் தின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குப் பேசாததை இப்போது எழுதுகிறேன். நாய், பூனை ஆஸ்பத்திரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்காக.

ஊசி போடுவது எப்படி, கடிக்க வரும் நாய்க்கு வாய்க்கட்டு கட்டுவது எப்படி என்பதெல்லாம் இதில் கிடையாது. அதை டாக்டர் சொல்லித் தருவார். மீதியை இரண்டு கடி வாங்கினால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப் போவது ஒரு நாய்க்குட்டியைப் பற்றி. என் கையால் அது சாகப் பார்த்தது. அந்தக் குட்டியைக் கொண்டுவந்தவருக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய படிப்பெல்லாம் இல்லை. அப்பா மில் தொழிலாளி. மில் மூடியதும் வீட்டில் ஆளுக்கொரு வேலை தேடினோம். தம்பி சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குப் போனான். நான் இந்த ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க வந்தேன். துடைத்துக்கொண்டே பார்த்தேன், பார்த்துப் பார்த்து நாயைப் பிடிக்கக் கற்றேன், பிறகு மருந்து கலக்க, கட்டுப் போட, சீட்டு எழுத. பத்து வருஷத்தில் என்னைக் கேட்காமல் அங்கே ஒரு நாய் குரைக்காது என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். அந்தத் திமிர்தான் இந்தக் கதையின் ஆரம்பம்.

அது ஒரு ஜூன் மாதம். முல்லா வீதிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் யூசுப் பாய் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இரண்டு மாதக் குட்டி, செம்மண் நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருந்தது. கடையில் வெட்டுத்துணி மூட்டைக்குள் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்களாம்.

"பேரு வச்சிட்டீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"பாபின்னு கூப்புடுறேன்க்கா. நூல் சுத்துற பாபின் மாதிரியே மெஷினுக்கு அடியில உருண்டுகினே இருக்குது."

"என்ன தொந்தரவு?"

"துன்னதெல்லாம் வெளிய வந்துடுது."

நான் சீட்டில் 'வாந்தி' என்று எழுதினேன். வெளியே பதினெட்டு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாந்திக்கு ஊசி, பூச்சிக்கு மருந்து, முடிந்தது. நாலு நாளில் பாய் திரும்ப வந்தார். திரும்ப 'வாந்தி', திரும்ப ஊசி. அதற்கு நாலு நாள் கழித்து மறுபடியும். ஒவ்வொரு தடவையும் தராசில் குட்டியின் எடை குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் பாய், "அக்கா, அது எப்டி வருதுன்னா..." என்று ஆரம்பிப்பார். நான், "வாந்தின்னு எழுதியாச்சு பாய், டாக்டர் பாத்துப்பாரு" என்று வாயை அடைத்துவிடுவேன்.

வெள்ளைக்காரத் தெருவிலிருந்து பிரெஞ்சுக்கார மதாம் ஒருத்தி பூனையைக் கொண்டு வந்தால் அது தும்மிய நேரத்தைக்கூடக் கேட்டு எழுதிக்கொள்வேன். தையல்காரர் பேசினால் எனக்கு நேரமில்லை. இதை எழுதும்போது எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

நாலாவது தடவை பாய் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"நீங்களே ஒரு தபா பாருங்க."

உள்ளே குட்டி வெளியே தள்ளிய சோறு. குழாயில் அடைத்து எடுத்ததுபோல் நீளமாக இருந்தது.

"போட்ட சோறு போட்ட மாதிரியே கீது. மோந்து பாருங்க, புளிச்ச வாடையே இல்ல. வயித்த எக்கறதும் இல்ல. சும்மா குனியுது, பொலபொலன்னு கொட்டிடுது. வாந்தின்னா இப்டியா வரும்?"

உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் குழாயை மூடாமலே திரும்பினார். "பாய், இன்னா சொன்னீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க."

வயிற்றுக்குப் போய்த் திரும்பி வருவதுதான் வாந்தி. இந்தக் குட்டி தின்றது வயிற்றுக்கே போகவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் உணவுக்குழாய் தளர்ந்து பை மாதிரி விரிந்து கிடந்தது. சோறு அதற்குள்ளேயே தேங்கி நின்றது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டியதும் பாய்க்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "எலாஸ்டிக் விட்டுப்போச்சு" என்றார். அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. பன்னிரண்டு நாள் நான் அந்த ஆளைப் பேச விடாமல் வைத்திருந்தேன். பன்னிரண்டு நாள் அந்தக் குட்டி பட்டினி கிடந்தது.

டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். இதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. குட்டியை நிமிர்த்திப் பிடித்து, கூழ் மாதிரி கரைத்து ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகு இருபது நிமிஷம் அப்படியே நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் கூழ் தானாக வயிற்றுக்கு இறங்கும். தண்ணீரும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நாலு வேளை. நடுவில் படுக்க விட்டால் கூழ் மேலே ஏறி மூச்சுக்குழாயில் போகும், நுரையீரலில் சீழ் கட்டும், குட்டி செத்துவிடும். சில குட்டிகளுக்கு வளர வளரச் சரியாகும். சிலதுக்கு ஆயுசு முழுக்க இப்படித்தான்.

"இது ரொம்ப கஷ்டமான வேலை பாய்" என்றார் டாக்டர். "முடியலைன்னா தப்பு இல்ல. கஷ்டப்படாம தூங்க வச்சிடலாம். அதுவும் ஒரு வழி."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கேட்காமலே தீர்ப்பு சொன்னேன். "பாய், உங்களால முடியாது. இது ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிற சீசன். வீட்லயும் நாய்க்கு இடம் குடுக்க மாட்டாங்க. குட்டிதான் அவதிப்படும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. "முடியுமான்னு என்னை நீங்க கேக்கவே இல்லியேக்கா" என்றார்.

பிறகு கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார். குட்டியின் மார்பைச் சுற்றி ஒரு அளவு, கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு அளவு, முன்னங்கால் இடைவெளி ஒரு அளவு. என் மேஜையிலிருந்த சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் வந்ததைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஜீன்ஸ் துணியில் ஒரு பை. அடிப்பக்கம் தடித்த மெத்தை, காலுக்கு இரண்டு ஓட்டை, தோளில் குறுக்காக இரண்டு பட்டை. பாபின் அவர் மார்பில் சாய்ந்து, கைக்குழந்தை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பாய் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "கை ரெண்டும் ஃப்ரீ. தைச்சிகினே பாத்துக்கலாம்."

பையின் மேல்பக்கம் ஒரு லூப்பும் வைத்துத் தைத்திருந்தார். "கடையில ஆளு வந்து அளவு குடுக்கணும்னா ஆணில மாட்டிடுவேன். மாட்டினாலும் நேராத்தான் நிக்கும்." டாக்டர் பையை வாங்கி, குட்டியோடு ஆணியில் மாட்டிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். எங்கள் டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். எனக்கு அதைச் சொல்லப் பதினோரு வருஷம் ஆனது.

அந்த இரண்டு மாதம் பாய் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். வேளைக்கு அரை மணி நேரம் என்றால் நாலு வேளைக்கு இரண்டு மணி நேரம். கேட்கப் பெரிதாகத் தெரியாது. செய்து பார்த்தால்தான் தெரியும். கூழ் கெட்டியானால் நிற்கும், தண்ணியானால் ஏறும். ஊட்டுகிறபோது இருமினால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் முதலிலிருந்து கணக்கு. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மார்க்க முறைப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. அவர் அதில் குறுக்குவழி தேடவில்லை. குட்டியைத் தூக்குவதற்கென்று ஒரு பழைய காக்கிச் சட்டை, தொழுகைக்கு வேறு சட்டை. நாளைக்கு எத்தனை தடவை கழுவினாரோ, கை தோல் வெளுத்துப்போனது.

அவர் மனைவி ஜமீலா, "வூட்டுக்குள்ள வேணாம், கடையில வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். ஆனால் கூழுக்கான கஞ்சி மட்டும் தினமும் வீட்டிலிருந்துதான் வந்தது. அதைக் கேட்டால் பாய் சிரிப்பார். "நாய்க்கில்லியாம். பட்டினிக்காம்."

ஒரு நாள் அவர் விரலில் கட்டு. என்ன என்று கேட்டேன். மெஷினில் உட்கார்ந்தபடி கண் அசந்துவிட்டார், ஊசி நகத்தில் இறங்கிவிட்டது. "பாபினுக்கு ஒண்ணும் ஆவல. அது அப்ப மார்ல நேராத்தான் இருந்துச்சு" என்றார். நான் கேட்டது அவர் விரலைப் பற்றி.

அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டார். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை. அந்த ஒரு வேளைதான் இடித்தது. ஊட்டிவிட்டுக் குளித்துப் போனால் நேரம் தவறுகிறது, போய்விட்டு வந்து ஊட்டினால் குட்டி பசியில் துவண்டுபோகிறது.

"வாரத்துல ஒரு வேள மட்டும் நீங்க பாத்துக்கினா..."

"நானா?" என்றேன். பிறகு அவர் விரல் கட்டைப் பார்த்தேன். "சரி, கொண்டாங்க."

அப்படித்தான் என் வெள்ளிக்கிழமைகள் ஆரம்பித்தன. சாப்பாட்டு நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து பாபினுக்கு ஊட்டுவேன். பிறகு பையை மார்பில் மாட்டிக்கொண்டு சுவர் கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் பகலில் இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்ததே இல்லை. குட்டியின் வயிற்றுச் சூடு என் மேல் இறங்கும். அதன் மூக்கு என் தாடையில் இடிக்கும். கணவர் போன பிறகு என் மேல் எதுவும் அப்படிச் சாய்ந்து தூங்கியதில்லை. வெளியே சொல்லவில்லை, ஆனால் வியாழக்கிழமையே எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிடும்.

ஆடி ஐந்தாம் வெள்ளி வந்தது. வீராம்பட்டினத்தில் தேர். ஊருக்கே உள்ளூர் விடுமுறை. எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் தேருக்குப் போய்விட்டார்கள். டாக்டரும் நானும் மட்டும். வழக்கம்போல பாய் வந்து குட்டியைக் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். "அக்கா, கை ஒழியலன்னா ஆணில மாட்டிடுங்க" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வதை அன்றைக்கும் சொன்னார். நானும் ஒவ்வொரு வாரமும்போல, "தெரியும் பாய், போங்க" என்றேன்.

ஊட்டி முடித்தேன். பையை மார்பில் மாட்டினேன். ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கடலூர் ரோட்டில் தேருக்கு ஆள் ஏற்றிப்போன வேன் ஒரு நாயை அடித்துவிட்டது. தொடை கிழிந்து ரத்தம் கொட்டியது. "மல்லிகாக்கா!" என்று டாக்டர் கத்தினார்.

நான் பையைக் கழற்றினேன். குட்டியை வெளியே எடுத்தேன். கூண்டைத் திறந்து, துணி விரித்து, படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். ஓடினேன்.

எதிர்ச் சுவரில் ஆணி இருந்தது. பையில் லூப் இருந்தது. ஒரு நொடி வேலை. ஆனால் ஊட்டிய குட்டியைக் கூண்டில் படுக்க வைப்பது இருபது வருஷத்துக்கு மேலாக என் கை செய்கிற வேலை. ஆயிரக்கணக்கான குட்டிகளுக்குச் செய்தது. அவசரம் வந்ததும் கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது, தலையைக் கேட்கவில்லை. அனுபவம் அனுபவம் என்று எங்களைப் போன்றவர்கள் பீற்றிக்கொள்வோம். அதற்கு இப்படியும் ஒரு முகம் இருக்கிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அடிபட்ட நாய் பிழைத்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் பின்னறைக்கு வந்தேன். பாபின் ஒருக்களித்துப் படுத்திருந்தது. மூக்கோரம் கூழ் வழிந்து காய்ந்திருந்தது. தூக்கினேன், துடைத்தேன். இரண்டு இருமல் இருமிவிட்டு வாலை ஆட்டியது. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில் போட்டேன்.

பாய் வந்தார். "நல்லா துன்னுச்சாக்கா?"

"துன்னுச்சு பாய்."

அது பொய் இல்லை. பொய்யைவிட மோசம்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறக்கும்போதே பாய் படியில் உட்கார்ந்திருந்தார். பாபின் பையில் தலை தொங்கிக் கிடந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. விலா எலும்பு எக்கி எக்கி மூச்சு வாங்கியது. டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல எறங்கிடுச்சு" என்றார்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "என்னாலதான் டாக்டர். நேத்து சாயந்தரம் ஒரு பொண்ணு ரவிக்கைக்கு அவசரப்படுத்துச்சு. இருவது நிமிசத்துக்கு ரெண்டு நிமிசம் முன்னாடியே எறக்கிட்டேன். அதுலதான் ஆயிடுச்சு."

டாக்டர் குழலைக் காதிலிருந்து எடுத்தார்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க. அக்காவும் சொன்னாங்க. என்னால முடியல. ரெண்டு நிமிசம்கூட என்னால ஒழுங்கா பாத்துக்க முடியல. இது மூச்சுக்குத் திணறுறத பாக்க முடியல டாக்டர். தூங்க வச்சிடுங்க."

அதற்கென்று ஒரு சம்மதத் தாள் உண்டு. மேஜை இழுப்பறையில் இருக்கும். எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்தேன். மேஜைமேல் வைத்தேன். பாய் பேனாவைக் கேட்டார், கொடுத்தேன். இன்னும் கட்டுப் பிரிக்காத விரலால் பேனாவைப் பிடிக்க அவருக்குச் சிரமமாக இருந்தது.

பிள்ளைகளே, அந்த அரை நிமிஷத்தில் என் மனசில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஓடியது. இந்த நோயில் எப்படியும் இப்படி ஆவதுதானே என்று ஓடியது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம்தான், இத்தனை நாள் எடுத்த பேர் என்னாவது என்று ஓடியது. அப்புறம் அவர் தாளில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினார். செய்யாத தப்புக்காக, அவரே தன் குட்டியைக் கொல்லக் கையெழுத்துப் போடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேனாவின் மேல் கையை வைத்தேன்.

"பாய், நிறுத்துங்க. நீங்க இல்ல. நான்தான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு நிமிஷத்தில் இறக்கியதை, படுக்க வைத்ததை, மூக்கில் வழிந்ததை, துடைத்துவிட்டுச் சும்மா இருந்ததை. ஆட்டோ வந்ததையும் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். அது காரணம் சொல்வதுபோல் எனக்கே கேட்டது.

டாக்டர் திட்டவில்லை. "எத்தினி மணிக்கு? எவ்ளோ நேரம் படுத்திருந்துச்சு? இருமுச்சா?" என்று வரிசையாகக் கேட்டார். சொன்னேன். சீட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "நேத்தே சொல்லியிருந்தா ஒரு நாள் நமக்குக் கெடச்சிருக்கும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் அறைந்திருக்கலாம்.

பாய் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு என்னைக் கேட்டார். "அப்ப நான் ரெண்டு நிமிசம் முன்ன எறக்குனது இல்லியா?"

"இல்ல பாய். அது மதியமே நெஞ்சுக்குப் போயிடுச்சு. என் கையில."

அவர் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். டாக்டர் பக்கம் திரும்பினார். "வைத்தியம் பாருங்க டாக்டர். எத்தினி நாளானாலும் சரி, நான் பாத்துக்குறேன்." என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து நாள். ஊசி, ஆவி, நெஞ்சைத் தட்டித் தட்டிச் சளியைக் கிளப்புவது. தட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைக் குழித்து, இரண்டு பக்கமும், அரை மணிக்கொரு தடவை. பாய் தினமும் வந்து எதிரில் உட்காருவார். டாக்டரிடம் பேசுவார், குட்டியிடம் பேசுவார். நான் ஒருத்தி அங்கே இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நீங்கதான மல்லிகாக்கா? நான் ஜமீலா. அவரு வூட்ல."

வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். சட்டியை இல்லை, திட்டை.

"கஞ்சில உப்பு போடல. நல்லா ஆற வச்சிக் குடுங்க" என்றார். பிறகு எட்டி உள்ளே பார்த்தார். இரண்டு மாதமாகக் கஞ்சி காய்ச்சுகிறவர், குட்டியை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். "இதுவா? இந்த ஒத்தக் காதுக்கா இவ்ளோ பாடு?" என்றார். கண் கலங்கியிருந்தது. போகும்போது திரும்பி, "அவருக்கு உங்க மேல கோவம்தான். எறங்கிடும். எறங்கற வரைக்கும் பேச மாட்டாரு, என்கிட்டயும் அப்டித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காய்ச்சல் விட்டது. வியாழக்கிழமை பாபின் கூழைக் கேட்டுக் குரைத்தது. சாயந்தரம் பாய் அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். டாக்டரிடம் மட்டும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாய் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஜும்மாவை விட்டுவிட்டாவது குட்டியைத் தானே பார்த்துக்கொள்வார், இல்லையென்றால் வேறு யாரையாவது பிடித்திருப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். ஆனாலும் பின்னறையைத் துடைத்து வைத்தேன். கூண்டின்மேல் சாய்ந்து நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

பாய் தொழுகைக்குப் போகும் வெள்ளைச் சட்டையில் இருந்தார். ஒரு கையில் கூழ்ச் சட்டி. இன்னொரு கையில் பாபின், ஒரு புதுப் பையில். நான் அந்தப் பையைப் பார்த்தேன். பட்டை அகலமாக இருந்தது, உள்பக்கம் மெத்தை வைத்திருந்தார்.

"பழசு என் அளவு. உங்க தோளு சின்னது, வழுக்கிகினே இருந்திருக்கும்" என்றார். "கண்ணளவுலதான் தைச்சேன். போட்டுப் பாருங்க."

போட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அவர் என் தோள்பக்கம் விரலைக் காட்டினார். மேலே லூப் இருந்தது. பழைய லூப்பைவிட இரண்டு மடங்கு பெரிது. நல்ல சிவப்பு நாடாவில் தைத்திருந்தார்.

"அவசரத்துல கண்ணுல படணும்ல" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போய்விட்டார். நான் பாபினுக்கு ஊட்டினேன். மார்பில் மாட்டிக்கொண்டு இருபது நிமிஷமும் அழுதேன். அது என் தாடையை நக்கிக்கொண்டே இருந்தது.

பாபினுக்கு இப்போது வயது நாலாகிறது. முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. முன்னங்காலை ஒரு ஸ்டூலில் வைத்து நின்றபடி தானே சாப்பிடுகிறது. வீட்டுக் கொல்லைப்புறம் வரைக்கும் அதற்கு ஜமீலாவின் அனுமதி கிடைத்திருக்கிறதாம். எனக்குக் கேக் வெட்டிய அன்றைக்குப் பாய் அதைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் அவருக்கு இதுவரை நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் எதிரில் நிற்கும்போது சொல்ல வாய் வராது, போன பிறகு தோன்றும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். தப்பு செய்தவளிடமே திரும்பவும் தன் குட்டியைக் கொடுத்தார். என்னை மாற்றப் பார்க்கவில்லை, பையை மாற்றினார். அதற்குப் பிறகு என் கீழே வேலை பார்த்த பிள்ளை யாராவது ஒரு தப்பு செய்துவிட்டு வந்து நின்றால், திட்டுவதற்கு முன்னால் எனக்கு அந்தச் சிவப்பு நாடா ஞாபகம் வரும். திட்டாமல் இருந்தேன் என்று சொல்லவில்லை. பிறகாவது, அந்தத் தப்பு மறுபடி நடக்காமலிருக்க எதைச் சிவப்பாக்கலாம் என்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து யோசித்தேன். என்னிடம் வந்து சொல்ல அவர்கள் பயப்படாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரும்போது என் பொருட்களை எல்லாம் எடுத்துக்கொண்டேன். டிபன் பாக்ஸ், செருப்பு, கண்ணாடி. அந்தப் பையை மட்டும் எடுக்கவில்லை. பின்னறையில், கூண்டுக்கு எதிர்ச் சுவரில், ஆணியில் மாட்டியிருக்கிறது. நீங்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களாக இருந்தால் பார்த்திருப்பீர்கள். யாருடையது என்று தெரியாமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தோளுக்குச் சேரவில்லை என்றால் முல்லா வீதிக்குக் கொண்டு போங்கள், பாய் பிரித்துத் தைத்துத் தருவார்.